ஒன்பது கேரியர் கோழி

மெஸ் சமையலில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போட்டுச் சமாளிக்கலாம், காரம் கூடினால் தேங்காய்ப்பால் ஊற்றலாம், ஆள் கூடினால் ரசத்தில் தண்ணீர் சேர்க்கலாம். ஆள் குறைந்தால் மட்டும் சமையல்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் அந்த அனுபவம் இருக்கும். பண்டிகைக்கு மறுநாள் காலையில் மூடியைத் திறந்து பார்த்து, 'இதை என்ன செய்ய?' என்று பெருமூச்சு விட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டில் அது அரைச் சட்டிக் குழம்பாக இருந்திருக்கும். என் முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரண்டு அண்டாவும் ஒன்பது டிபன் கேரியரும் இருந்தன. வீட்டில் மிஞ்சியதற்கே மனைவியிடம் பேச்சு வாங்கியவர்கள் என் நிலையைப் புரிந்துகொள்வார்கள்.

நாற்பத்தைந்து தட்டு

பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் என்ற ஊரில் ஒரு ஃபாக்டரி கேன்டீனில் இரண்டு வருஷம் சாம்பார் கிண்டிவிட்டு, அறுபதுகளின் நடுவில் ஓர் அக்டோபர் மாதம் தாராவிக்கு வந்தேன். ஞானமுத்து அண்ணாச்சி மெஸ்ஸில் சமையல் வேலை. தோல் ஷாப், மில், ரயில்வே ஒர்க்‌ஷாப் என்று வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர்கள் அறுபது பேர் இரண்டு வேளையும் அங்கேதான் சாப்பிட்டார்கள். பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், பாதிப் பேர் இந்துக்கள், எல்லோருமே குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

நானும் அப்படித்தான். கல்யாணமாகி இருபதாம் நாள் கிரேஸை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறியவன், இரண்டு வருஷமாக அவளைக் கடிதத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கோலி காலியாக இருந்தது. பம்பாயில் ஒற்றை அறைக்குக் கோலி என்று பெயர். பத்தடிக்கு எட்டடி, ஒரு ஜன்னல், மழைக்கு ஒழுகாத கூரை. அதன் சாவி அண்ணாச்சியின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. "டிசம்பர் முடிய உன் கையைப் பாக்கேன். சரியா இருந்தா புது வருஷத்துல கோலி உனக்கு, பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்துரு" என்று சொல்லியிருந்தார். அந்தச் சாவியைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் வெங்காயம் நறுக்கினேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு அண்ணாச்சி பூனாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். "பண்டிகைக்குக் கோழி போட்டுரு" என்று ஒரே வார்த்தை சொன்னார். எத்தனை கோழி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே என்று பயம். நானே யோசித்தேன். அறுபது பேர். அதில் பதினைந்து பேர் மார்கழி விரதம், அவர்களுக்குத் தனிச் சைவ அடுப்பு. மிச்சம் நாற்பத்தைந்து தட்டு. விரதக்காரர்களைக் கழித்துவிட்ட என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பதினைந்து கோழி வாங்கி, விடியற்காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

மதியம் பந்தி விரித்தேன். விரதக்காரர்கள் வந்து அவியல் சாப்பிட்டுப் போனார்கள். கோழி சாப்பிட மூன்றே மூன்று பேர் வந்தார்கள். மணி இரண்டாயிற்று. வாசலில் போய் நின்று சந்தின் இரண்டு முனையும் பார்த்தேன். தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் டேனியல், புதுச் சட்டையும் தலையில் எண்ணெயுமாக எதிரே போய்க்கொண்டிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். ஊரிலிருந்து வந்து இங்கே குடும்பமாக இருப்பவர்கள், தனி ஆட்களைக் கிறிஸ்துமஸ் அன்று மெஸ்ஸில் சாப்பிட விடமாட்டார்களாம். வடாலா, ஆண்டாப் ஹில், திலக் நகர் என்று ஆளுக்கொரு வீடு பிரித்துக்கொண்டு அழைத்துவிடுவார்களாம். கூட வேலை பார்க்கும் இந்துக்களையும் சேர்த்துத்தான். எங்கள் ஊரில் சர்ச்சுக்கு வருகிற அத்தனை பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம், இந்தப் பிரித்துக் கூப்பிடும் கதை எனக்கு எப்படித் தெரியும்?

டேனியல் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். "பழைய சமையக்காரரு கிறிஸ்மஸ் அன்னைக்கு அசைவ அடுப்பே பத்த வைக்க மாட்டாரேண்ணே. ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?"

திரும்பி வந்த விருந்தாளிகள்

சரி, பகலில் வெளியே தின்றவர்கள் ராத்திரி இங்கே சாப்பிடுவார்கள், முக்கால்வாசி தீர்ந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் ஆள் வந்தார். கையில் ஒரு டிபன் கேரியர். பின்னால் இன்னொருவர். அவர் கையிலும் ஒன்று.

விருந்துக்குப் போன இடத்தில் சும்மா அனுப்பவில்லை. 'தனியா கெடக்குத பிள்ளை, ராத்திரிக்கு என்ன செய்யும்?' என்று நாலு அடுக்குக் கேரியரில் கோழியை அடைத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இவர்கள் தங்கும் அறையில் அடுப்பும் கிடையாது, வைக்க இடமும் கிடையாது. நேரே என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். ஏழு மணிக்குள் ஒன்பது கேரியர் வரிசையாக நின்றது. தூத்துக்குடிக்காரர் வீட்டுக் குழம்பு சிவப்பாக இருந்தது. பாளையங்கோட்டை வீட்டில் மிளகு தூக்கல். நாகர்கோவில் பக்கத்து வீடுகள் மூன்றில் தேங்காயை வறுத்தரைத்து ஊற்றியிருந்தார்கள். எல்லாமே அருமையாக இருந்தது, அதுதான் என் வயிற்றெரிச்சலைக் கூட்டியது.

ஒருவர் வீட்டிலிருந்து வந்த பண்டிகைக் கோழியைக் கொட்டவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அந்த வீட்டு அம்மா நின்று, கோழி எப்படி இருந்தது என்று கேட்பார். அரிசி ரேஷனில் அளந்து வந்த காலம் அது. சோற்றைக் கொட்டியவனை ஊரே ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு துண்டாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சியபோது, டேனியல் பெஞ்சில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னான்: "இன்னைக்கு மோர் இருந்தா ஊத்துங்கண்ணே. கோழியப் பத்தி நாளைக்குப் பேசுவோம்."

மீனுக்கு வந்த விருந்தாளி

ஃபிரிஜ் என்பதை அப்போது நான் ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருந்தேன். இருபத்தாறாம் தேதி காலை, எல்லாவற்றையும் ஒருமுறை கொதிக்க வைத்து இறக்கிவிட்டு, தாராவிக் கோலிவாடாவில், மீனவர் குடியிருப்பில், இருக்கும் மீன்காரம்மாள் சுந்தராபாயிடம் ஓடினேன். மெஸ்ஸுக்குப் புதன், ஞாயிறு மீன் போடுகிறவர் அவர்தான். அவரிடம் மரத்தூளுக்குள் புதைத்த பெரிய ஐஸ் பெட்டி உண்டு.

அவருக்கு மராத்தி, எனக்குத் திருநெல்வேலி, நடுவில் இரண்டு பேருக்கும் அரைகுறையான இந்தி. கையைக் காட்டி, காலைக் காட்டி, கோழி மாதிரி ஒரு முறை கழுத்தையும் ஆட்டிக் காட்டி என் கஷ்டத்தைச் சொன்னேன். சுந்தராபாய் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து, இருந்த வாவல் மீன்களை ஒரு கூடைக்கு மாற்றி, ஓரமாக ஐஸ் கட்டிகளைத் தள்ளி, என் சட்டிகளுக்கு இடம் செய்துகொடுத்தார். இடம் போதவில்லை. மூன்று நாகர்கோவில் கேரியரையும் ஒரே சட்டியில் கொட்டி அடக்கினேன். அதன் பலன் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று வாசலில் மீன் வாங்க வந்து நின்ற பெண்களிடம் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அலுத்துக்கொண்டார், மீனை வெளியே போட்டுக் கோழியை உள்ளே வைத்திருக்கிறேனே என்று: "மாஸளி பாஹேர், கோம்ப்டி ஆத்."

அண்ணாச்சியின் நிபந்தனை

மதியம் அண்ணாச்சி பூனாவிலிருந்து வந்து இறங்கினார். கத்துகிற மனிதர் இல்லை. அன்று ராத்திரிக்கென்று வெளியே வைத்திருந்த சட்டிகளை ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார், மூடினார். வேட்டியை மடித்துக் கட்டியபோது இடுப்பில் சாவி ஒருமுறை ஆடியது. என் கண் அதன் மேலேயே இருந்தது.

நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தைந்து தட்டு நினைத்ததையும், கேரியர்கள் வந்ததையும். கேட்டுக்கொண்டார். அன்று காலையில்தான் கிரேஸிடமிருந்து கடிதம் வந்திருந்தது, 'பண்டிகைக்கு என்ன சமைக்கிறீர்கள், கோலி விஷயம் என்ன ஆயிற்று' என்று இரண்டே கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தெரியும். இரண்டாவதற்கு அண்ணாச்சியின் வாயைப் பார்த்து நின்றேன். அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்தது என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "இவ்வளவும் சாப்பிடுதவன் வயித்துக்குத்தான் போகணும். ஒருத்தனுக்கும் வயிறு வலிக்கவும் கூடாது. ரெண்டுல எது தப்புனாலும் கோலிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

தோசைக்குள் ஒளிந்தது

அன்று ராத்திரி குழம்பாகவே போட்டேன். ஓரளவு போயிற்று. மறுநாள் மதியம் மறுபடி கோழி என்றதும் நாலு பேர் எழுந்து, மாட்டுங்காவில் போய் இட்லி சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று கிளம்பினார்கள். தாராவிக்காரன் இட்லிக்காக மாட்டுங்கா வரை நடக்கிறான் என்றால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

வேறு வழியில்லாமல் வேஷம் போட ஆரம்பித்தேன். கறியை எலும்பிலிருந்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுச் சுருள வதக்கி, தோசைக்கு நடுவில் பரப்பி மடித்துக் கொடுத்தேன். பத்துப் பேர் மறுக்காமல் தின்றார்கள். மிஞ்சிய சப்பாத்தியைக் கிழித்துப் போட்டு, குழம்பு தெளித்து, தோசைக்கல்லில் பிரட்டியதும் போயிற்று. பொரியலில் கொஞ்சம் ஒளித்துப் பார்த்தேன். எல்லோரும் சாப்பிடுமுன் தட்டைக் கிளறிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

டேனியல் தோசையின் ஓரத்தை விரலால் தூக்கி உள்ளே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இரண்டு தோசையையும் தின்று முடித்துவிட்டு, கையைக் கழுவாமலே கேட்டான்: "கோழி இல்லாத தண்ணி இருந்தா ஒரு டம்ளர் குடுங்கண்ணே."

பாண்டுரங்கின் சாயங்காலப் பலகாரம்

மெஸ்ஸுக்கு அடுத்த கடை தையல்காரர் பாண்டுரங்குடையது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் உருளைக்கிழங்கு வடை போடுவேன், அவர் இரண்டு வாங்கிப் பாவ் ரொட்டிக்குள் வைத்துத் தின்பார். தைத்துக்கொண்டிருக்கும் துணியில் எண்ணெய் படாமல் சாப்பிடும் வித்தை அவருக்குத் தெரியும்.

அன்று உருளைக்கிழங்குக்குப் பதிலாக உதிர்த்த கோழிக் கறியில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் பிசைந்து உருண்டை பிடித்து, கடலை மாவில் முக்கிப் பொரித்தேன். மூன்று நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தவனுக்கு வாசனை எழுந்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. பாண்டுரங்கிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், இது முர்கி, வேண்டுமானால் வாங்கும், வேண்டாவிட்டால் நாளைக்கு ஆலு போடுகிறேன் என்று. அவர் தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு ஒன்று தின்றார், யோசித்தார், இன்னும் மூன்று தின்றார். அதற்குள் எதிர்ச் சந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அரை மணியில் ஒரு சட்டி காலி.

மெஸ்ஸில் கோழி வேண்டாம் என்று முகம் சுளித்தவர்களும், மற்றவர்கள் தின்பதைப் பார்த்து வரிசையில் நின்றார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாண்டுரங் கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கும் உருளைக்கிழங்கு போடாதே என்று உத்தரவு போட்டார்: "அண்ணா, கல் பீ ஆலு மத் டால்னா."

விரதக்காரர் மூக்கு

மாடசாமி அண்ணன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மார்கழி முழுக்க விரதம். ஆனால் என்னுடைய கோழி விஷயத்தில் அவரைவிட அக்கறை காட்டியவர் எவரும் இல்லை. தினமும் காலையில் ஐஸ் பெட்டியிலிருந்து சட்டிகள் வரும்போது தூரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் மூடியைத் திறப்பேன். அவர் மூக்கை லேசாகத் தூக்குவார். "ம், சரி" என்பார். அடுத்தது. "சரி." நாள் முழுக்க அந்தப் புகையிலேயே கிடக்கிற என் மூக்குக்கு நல்லது கெட்டது தெரியாமல் போய்விட்டது, அவருடைய மூக்கோ பன்னிரண்டு நாளாகச் சுத்தமாக இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி காலை, மூன்று நாகர்கோவில் கேரியரையும் சேர்த்துக் கொட்டிய சட்டியைத் திறந்தேன். மாடசாமி அண்ணன் மூக்கைச் சுளித்தார். எழுந்து பக்கத்தில் வந்து இன்னொரு முறை முகர்ந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தேங்காய் அரைத்து விட்ட குழம்பு, அதுதான் முதலில் போகும். எனக்குத் தெரிந்ததுதான், தெரிந்தும் இடம் போதாமல் மூன்றையும் ஒன்றாகக் கொட்டியிருந்தேன்.

நல்ல பெரிய சட்டி அது. இன்னொரு கொதி விட்டு, புளி கொஞ்சம் கூட்டினால் யாருக்கும் தெரியாது என்று என் மனம் சொல்லியது. கொட்டினால் கோலி போச்சு. கொட்டாமல் போட்டு எவனுக்காவது வயிற்றைக் கலக்கினாலும் கோலி போச்சு, ஆனால் அது நடக்காமலும் போகலாம் இல்லையா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கரண்டியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். நிஜமாகவே கெட்டுவிட்டதா அண்ணே, கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டும் பார்த்தேன்.

மாடசாமி அண்ணன் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "தங்கராசு, அதத் திங்கப் போறது நான் இல்ல. எனக்கு எதுக்குப் பொய் சொல்லணும்?"

கொட்டிவிட்டேன். கையோடு போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி" என்றார். அந்தச் சரிக்கு என்ன பொருள் என்று மூன்று நாள் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

கிளாரா அம்மாளின் வினிகர்

இன்னும் ஒரு அண்டாவில் பாதி இருந்தது. எலும்பையெல்லாம் தட்டிப் போட்டு மிளகு ரசம் வைத்து, சளி பிடித்த எல்லோருக்கும் ஊற்றினேன். சளி பிடிக்காதவர்களுக்கும் ஊற்றினேன். அப்படியும் கறி மிஞ்சியது.

எங்கள் சந்தின் கடைசியில் கிளாரா அம்மாள் என்று ஒரு கோவாக்காரப் பெண்மணி இருந்தார். தண்ணீர்க் குழாயில் என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று விசாரித்தார். கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு பாட்டில் கள் வினிகரோடு வந்தார். துண்டுகளைச் சின்னதாக நறுக்கு, எண்ணெயில் ஈரம் போகப் பொரி, மிளகாயும் இஞ்சி பூண்டும் வினிகரில் அரை, எண்ணெய் மேலே நிற்க வேண்டும், ஈரக் கரண்டி உள்ளே போனால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று இந்தியில் கட்டளைகளாகப் போட்டார். நான் வினிகரைக் குறைத்து நல்லெண்ணெயைக் கூட்டினேன், கொஞ்சம் வெந்தயமும் சேர்த்தேன். பழைய பாட்டில் வாங்குபவரிடம் வாயகன்ற சீசாக்கள் பொறுக்கி, வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்து நிரப்பினேன். பத்துச் சீசா வந்தது. அண்டா காலி. மூன்று நாளில் முதல் தடவையாக அதைக் கவிழ்த்து வைத்தேன், அந்தச் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது.

நன்றியோடு முதல் சீசாவைக் கிளாரா அம்மாளிடம் கொண்டுபோய் நீட்டினேன். ஒரு துண்டு ருசி பார்த்தார், தலையாட்டினார், சீசாவை என் கையிலேயே திருப்பி வைத்தார், தன் வீட்டிலும் கோழி மிஞ்சிக் கிடக்கிறதாம்: "மேரே கோ மத் தோ பாபா. மேரே கர் மே பீ முர்கி பச்சேலா ஹை."

வெறும் பாத்திரம்

முப்பதாம் தேதி ஒன்பது கேரியரையும் சாம்பல் போட்டுத் தேய்த்து வரிசையாக வைத்தேன். எடுத்துப் போய் அவரவர் வீட்டில் கொடுங்கள் என்றேன். ஒருவரும் கையை நீட்டவில்லை. எனக்கு முதலில் விளங்கவில்லை. டேனியல்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான், வெறும் கேரியரை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று.

அது சரிதானே. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்புவது நம் பக்கத்தில் இல்லாத வழக்கம். ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். சர்க்கரையும் ரேஷனில்தான் வந்தது. தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோதுதான் அலமாரியில் இருந்த ஊறுகாய் கண்ணில் பட்டது. கேரியருக்கு ஒரு சீசா. பத்தாவது சீசாவை அண்ணாச்சி மேஜையில் வைத்தேன்.

டேனியலுக்கு விருந்து வைத்த ஆண்டாப் ஹில் ரோஸ்லின் அக்கா வீட்டுக்கு அவனோடு நானும் போனேன். கேரியரின் சொந்தக்காரர்களிடம் நேரில் நன்றி சொல்ல ஆசை. வறுத்தரைத்த நாகர்கோவில் குழம்பு, சாக்கடைக்குப் போனது, அவர்கள் வீட்டிலிருந்து வந்ததுதான் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஞாபகம் வந்தது. உள்ளே போகக் கால் கூசியது. அக்கா எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். சீசாவைத் திறந்து, விரலால் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நானும் டேனியலும் தரையைப் பார்த்தோம்.

"கோழி எங்க வச்சு வாங்குனீரு?" என்று கேட்டார் அக்கா. "எங்க வீட்டுக் கோழி இத்தன வருசத்துல ஒரு தடவகூட இப்படி அமையலையே."

புது வருஷத்து வரிசை

ஜனவரி ஒன்றாம் தேதி நான் புத்திசாலியாகிவிட்டேன். எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டு வேறெங்காவது சாப்பிடுவார்கள் என்று தெரியும். அசைவ அடுப்பைத் துடைத்துக் கோலம் மட்டும்தான் போடவில்லை. விரதக்காரர்களுக்கு எலுமிச்சைச் சாதமும் துவையலும் செய்து அனுப்பிவிட்டு, சுத்தமான அடுப்படியில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். அண்ணாச்சி வந்து பார்க்கட்டும், ஒரு எலும்பு கிடைக்காது என்று தைரியம்.

இரண்டு மணிக்கு டேனியல் வந்தான். கையில் ஒரு சீசா. நான் ஊறுகாய் கொடுத்தனுப்பிய அதே சீசா. அதில் கழுத்து வரை சிவப்பாகக் குழம்பு, குழம்புக்கு நடுவில் ஒரு கோழித் தொடை நின்றுகொண்டிருந்தது. "அக்கா குடுத்துவிட்டா" என்றான். அவர்களும் நம் பக்கத்துக்காரர்கள் அல்லவா? வெறும் சீசாவைத் திருப்பித் தருவார்களா?

மூன்று மணிக்குள் ஒன்பது சீசாவும் வந்துவிட்டன. மேஜை மேல் வரிசையாக நின்றன. சில வீடுகளில் சீசா சின்னது என்று கூடவே ஒரு கிண்ணமும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அந்தக் கிண்ணங்களையும் சும்மா திருப்ப முடியாது என்பது ஞாபகம் வந்ததும் எனக்குத் தலை சுற்றியது.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணாச்சி உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று விரலை நீட்டி எண்ணினார். நான் எழுந்து நின்றேன். கிரேஸுக்கு எழுத வேண்டிய கடிதம் மனதுக்குள் ஓடியது. இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மடித்து வைப்பாள்.

அண்ணாச்சி பத்தாவது சீசாவை, நான் அவருக்குக் கொடுத்ததை, கையிலிருந்த துணிப்பைக்குள்ளிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். காலி. பளபளவென்று கழுவியிருந்தது. அதற்குள் ஏதோ கலகலத்தது. நான் குனிந்து பார்த்தேன், அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவி.

"கொட்டுனத நீயே வந்து சொன்ன அன்னைக்கே குடுத்திருப்பேன், புது வருசம்னு சொல்லிட்டேனேன்னு இருந்தேன்" என்றார் அண்ணாச்சி. பிறகு மேஜையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "இவ்வளவு கோழிய நீ ஒத்தையில தின்னு தீக்க முடியாது. பொண்டாட்டிக்கு இன்னைக்கே தந்தி குடு."

கிரேஸ் வந்து, பிள்ளைகள் பிறந்து, பிற்பாடு செம்பூரில் சொந்தமாகவே மெஸ் நடத்தியும், பண்டிகைக்கு எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று இன்று வரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, மிஞ்சியதை எந்த வீட்டுக்கு அனுப்பினால் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று மட்டும் தவறாமல் சொல்வேன்.